மிட்சுபிஷி வைத்திருந்தவர்கள், ஓட்டியவர்கள்: அனுபவம் சொல்லுங்கள்

மாம்பலம் பாலாஜி

2008 மாடல் மிட்சுபிஷி சீடியா கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஓட்டிப் பார்த்துவிட்டேன், அன்றிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. வீட்டில், "கடையைக் கட்டிட்டுப் போன கம்பெனி வண்டியை வாங்கி என்ன பண்றது" என்கிறார்கள். அலுவலகத்தில் ஒருவர், "ஜப்பான்காரன்லயே பொய் சொல்லி மாட்டினவன் அவன் ஒருத்தன்தான்" என்கிறார். விமர்சனக் கட்டுரைகள் நிறையப் படித்தாயிற்று. வைத்திருந்தவர்கள் சொல்வதுதான் எனக்கு வேண்டும். லான்சர், சீடியா, பஜேரோ, டெலிகா வேன், எதுவானாலும் சரி. எந்த நாட்டில் ஓட்டியிருந்தாலும் சரி.

கடம்பத்தூரான்

அந்தத் தொழிற்சாலை எங்க ஊர்ப் பக்கம்தான் சார், அதிகத்தூர். அம்பாசடர் செஞ்ச ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷியோட சேர்ந்து 1998ல லான்சரை இங்கேருந்துதான் இறக்கினாங்க. உத்தர்பாராவில அம்பாசடர், திருவள்ளூர்ல லான்சர், ரெண்டுக்கும் முதலாளி ஒருத்தரே. அதை நினைச்சா இப்பவும் சிரிப்பு வரும்.

என் மாமா அங்கே ஷிப்டு வேலை. அரக்கோணம் லோக்கல்ல வந்து இறங்குற கூட்டத்தைப் பார்த்தாலே எந்த ஷிப்டு மாறுதுன்னு எங்களுக்குத் தெரியும். ஊர்ல செஞ்ச காருங்கிற பெருமை இருந்துச்சே தவிர, ஊர்க்காரங்க வாங்குற விலையில அது என்னைக்கும் இருந்ததில்லை. நான் லான்சர்ல முதல்ல ஏறினது சென்னையில, ஒரு டாக்டரோட வண்டியில. கதவைச் சாத்தின சத்தம் இன்னும் ஞாபகம் இருக்கு. மாமாகிட்ட சொன்னேன். "அந்தக் கதவுக்கு இடைவெளி ஒரு மயிரிழை கூடினாலும் திருப்பி அனுப்பிடுவோம்டா"ன்னார்.

அப்புறம் பஜேரோ, சீடியா, அவுட்லேண்டர், பஜேரோ ஸ்போர்ட்னு வந்தது. நடுவில இசுஸு வண்டியும் அதே கூரைக்குக் கீழே பூட்டினாங்க, 2016ல ஸ்ரீசிட்டியில அவங்க சொந்த ஆலை வர்ற வரைக்கும். இன்னைக்கு அங்கே சிட்ரோன் ஓடுது.

ஒண்ணு மட்டும் பாருங்க. லான்சர் வந்த அதே 1998லதான் இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் சான்ட்ரோ வந்துச்சு. அந்த ஹூண்டாய் 1975ல தன்னோட முதல் சொந்தக் கார் போனியைப் பண்ணினப்போ எஞ்சினும் கியர்பாக்ஸும் மிட்சுபிஷிகிட்டேருந்துதான் வாங்கிச்சு. சொல்லிக்கொடுத்தவன் திருவள்ளூர்ல, கத்துக்கிட்டவன் பக்கத்து மாவட்டத்துல. யார் ஜெயிச்சாங்கன்னு ஜி.எஸ்.டி ரோட்டுல அஞ்சு நிமிஷம் நின்னா தெரியும்.

பழைய வண்டிப் பிரியன்

பாலாஜி, உங்கள் அலுவலக நண்பர் சொன்னது பாதி சரி. "ஒருத்தன்தான்" என்பது தவறு. டொயோட்டாவின் துணை நிறுவனமான டைஹாட்ஸு பாதுகாப்புச் சோதனைகளில் தில்லுமுல்லு செய்தது வெளிவந்து, 2023 டிசம்பரில் எல்லா வண்டிகளையும் அனுப்புவதை நிறுத்தியது. ஆனால் மிட்சுபிஷி விவகாரம் கனமானது. ரசிகன் என்பதற்காக நான் அதைப் பூசி மெழுக மாட்டேன்.

2000ல் ஜப்பானியப் போக்குவரத்து அமைச்சகம் சோதனை போட்டபோது, வாடிக்கையாளர் புகார்களில் ஒரு பகுதியைக் கணக்கில் காட்டாமல் தனியாக ஒளித்து வைத்திருந்தது தெரிந்தது. 1977லிருந்தே அந்த வழக்கமாம். வண்டிகளை வெளிப்படையாகத் திரும்ப அழைத்தால் பெயர் கெடும் என்று, புகார் கொடுத்தவருக்கு மட்டும் சத்தமில்லாமல் சரிசெய்து கொடுத்திருக்கிறார்கள். நிறுவனத் தலைவர் பதவி விலகினார். அதோடு முடியவில்லை. 2002 ஜனவரியில் யோக்கோஹாமாவில் ஓடிக்கொண்டிருந்த மிட்சுபிஷி லாரியின் சக்கரம் கழன்று போய், நடந்து சென்ற ஓர் இளம் தாயைக் கொன்றது. லாரிக்காரர் சரியாகப் பராமரிக்கவில்லை என்றது கம்பெனி. சக்கரத்தைத் தாங்கும் ஹப்பில்தான் கோளாறு என்று ஒத்துக்கொண்டது 2004ல். 2016ல் மறுபடி: சிறிய கார்களின் மைலேஜ் கணக்கைத் திருத்தியிருந்தார்கள், 6.25 லட்சம் வண்டிகள். அதைக் கண்டுபிடித்ததே அவர்களிடம் கார் செய்து வாங்கிய நிஸான்தான். பங்கு விலை சரிந்ததும் அதே நிஸான் 23,700 கோடி யென் கொடுத்து 34 சதவீதப் பங்கை வாங்கிக்கொண்டது.

இப்போது இன்னொரு பக்கம். 1917லேயே மாடல் ஏ என்ற காரைச் செய்தவர்கள். மொத்தம் 22 வண்டிகள்தான், ஆனால் ஜப்பானில் வரிசையாக உற்பத்தியான முதல் கார் என்று அதைத்தான் சொல்வார்கள். கென்யாவின் சஃபாரி ராலி என்ற நெடுந்தூரக் கார்ப் பந்தயத்தை அந்நாட்டுச் சீக்கியர் ஜோகிந்தர் சிங் 1974லும் 1976லும் வென்றது லான்சரில். நம் ஊர்களில் பலருக்கு அந்தப் பெயரே தெரியாது, எனக்கு அதில் தீராத வருத்தம். நான்கு சிலிண்டர் எஞ்சினின் அதிர்வை அடக்க மிட்சுபிஷி கொண்டுவந்த பேலன்ஸ் ஷாஃப்ட் நுட்பத்துக்கு போர்ஷே கம்பெனியே உரிமைத்தொகை கட்டித் தன் 944 காரில் போட்டுக்கொண்டது. 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு வருடம் டோம்மி மாகினென் உலக ராலிப் பட்டம் வென்றது லான்சர் எவல்யூஷனில். டக்கார் ராலியில் பஜேரோவுக்கு 12 வெற்றிகள், அதில் 2001 முதல் 2007 வரை இடைவெளியே இல்லை. அந்த 2001 வெற்றி யூட்டா க்ளைன்ஷ்மிட் என்ற பெண்ணுடையது. டக்காரில் கார் பிரிவை வென்ற முதல் பெண் அவர்.

மாகினென் பட்டம் வாங்கிக்கொண்டிருந்த அதே வருடங்களில்தான் புகார்க் கட்டுகளும் ஒளிந்துகொண்டிருந்தன. இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடந்தது என்பது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. அந்த எஞ்சினை உருவாக்கியவர்களை நம்பலாம். மேலே உட்கார்ந்திருந்தவர்களை நம்ப முடியாது.

சுன்னாகத்தான்

எங்கட பக்கம் மிட்சுபிஷி எண்டா வான்தான் தம்பி. டெலிகா எல்300. பீஓபைவ் எண்டும் சொல்லுவினம்.

தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில பெற்றோல் இல்லை, டீசல் இல்லை. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் ரெண்டு சொட்டுப் பெற்றோலில ஸ்ராட் ஆகி, பிறகு மண்ணெண்ணெயில ஓடின காலம். புது வாகனம் எண்ட நினைப்பே எங்களுக்கு வரேல்லை. 2002 சித்திரையில ஏ9 பாதை திறந்தாப் பிறகுதான் கொழும்பில இருந்து வான்கள் சாரிசாரியா வரத் தொடங்கினது. மாமா ஒரு எல்300 வாங்கி ஹயர் ஓட விட்டார். ரைவர் நான்.

முகமாலைச் சோதனைச் சாவடியில ஒருக்கா இறக்கி ஏத்து, ஓமந்தைச் சாவடியில திரும்பவும் இறக்கி ஏத்து. நடுவில வன்னி ரோட்டு. அதை ரோட்டு எண்டு சொல்லேலாது, கிடங்குகளுக்கு நடுவில கொஞ்சம் தார் இருந்தது. எஞ்சின் ரைவர் சீற்றுக்குக் கீழதான், அதால மத்தியான வெயிலில ஓடினா துடையெல்லாம் காயும். ஒரு சாக்கை நனைச்சு மடிச்சுப் போட்டிட்டு இருப்பன். ஆனா அந்த 2.5 லீற்றர் டீசல் எஞ்சின் என்னை நடுவழியில நிப்பாட்டினதில்லை. மாங்குளத்திலயும் கிளிநொச்சியிலயும் இருந்த கராஜ் பெடியளுக்கு அந்த எஞ்சின் தலைகீழ்ப் பாடம்.

2006 ஆவணியில பாதை திரும்பப் பூட்டினதோட மாமா வானை வித்துப்போட்டார். 2020இல அரசாங்கம் வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு அந்த வயசு வானுகளுக்குச் சொன்ன விலையைக் கேட்டா மாமா அழுவார். கொம்பனி ஜப்பானில என்ன செய்தது எண்டு எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் வேற என்னத்தை வாங்கியிருப்பம்?

மாம்பலம் பாலாஜி

சுன்னாகத்தான் அண்ணா, படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நன்றி.

கிள்ளான் சிவா

எங்க ஊர்ல பாதிப் பேர் மிட்சுபிஷி ஓட்டினாங்க, ஆனா அது மிட்சுபிஷின்னே அவங்களுக்குத் தெரியாது. புரோட்டோன் சாகா! 1985ல மலேசியப் பிரதமர் மகாதீர் கொண்டுவந்த நாட்டோட சொந்தக் காடி (கார்). உள்ளே பார்த்தா லான்சர் ஃபியோரே, எஞ்சினும் அவங்களுது. அப்பா தோட்டத்துல மண்டோரா (கங்காணி) இருந்தவர். லயத்துக்கு முன்னாடி சாகாவை நிறுத்தின அன்னைக்கு, கோயில் ஐயரை வரச்சொல்லி எலுமிச்சம்பழம் வைச்சு ஏத்தினோம். பக்கத்து வீட்டுல எல்லாம் அது வரைக்கும் மோட்டார்சைக்கிள்தான்.

எத்தனையோ மாத்தம் வந்தும் அந்த முதல் சாகா உருவம் 2008 வரைக்கும் விற்பனையில இருந்துச்சுலா. யோசிச்சுப் பாருங்க. வீரா வந்தது, அதுவும் லான்சர்தான். பெர்டானா, அதுவும் மிட்சுபிஷி எத்தெர்னா. 2004ல மிட்சுபிஷி புரோட்டோன்ல இருந்த கடைசிப் பங்கையும் வித்துட்டுக் கிளம்பிடுச்சு.

நான் வாலிபத்துல வீரா வைச்சிருந்தேன். பெங்கேல்ல (ஒர்க்‌ஷாப்) ஜப்பான்லேருந்து வர்ற ஹாஃப்கட், அதாவது பாதியா வெட்டின பழைய கார், எடுத்து, அதுல இருக்கிற பெரிய எஞ்சினைத் தூக்கி நம்ம வண்டியில வைப்பாங்க. ரெண்டும் ஒரே வம்சம், அதனால அதிகமா வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. எஞ்சின் மாத்தினா ஜே.பி.ஜே.யில, போக்குவரத்து இலாகாவுல, பதியணும். அதை ஒழுங்கா செஞ்சவங்க கம்மி, அது தனிக்கதை. எங்க ஆளுங்க முக்கால்வாசிப் பேர் மெக்கானிக் வேலை கத்துக்கிட்டது இந்த எஞ்சின்லதான்.

மஸ்கட் மணி

ஓமனில் கம்பெனி வண்டி, பஜேரோ. சொந்த வண்டி இல்லை என்பதால் என் திருப்தியை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்களோ தெரியவில்லை. ஜபல் அக்தர் மலைக்கு ஏறுவதற்கு முன் பிர்கத் அல் மௌஸில் போலீஸ் நிறுத்தும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பஜேரோவை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுக் கையசைப்பார்கள். இறங்கும்போது லோ கியர் போட்டு பிரேக்கைத் தொடாமல் உருட்டிக்கொண்டு வரவேண்டும். கம்பெனியில் சேரும்போது முதல் பாடமே அதுதான். வாதியில் (காட்டாறு) தண்ணீர் போனால் எந்த வண்டியானாலும் இறங்கக் கூடாது. அங்கே வருடா வருடம் இழுத்துக்கொண்டு போவதெல்லாம் நல்ல நல்ல வண்டிகள்தான்.

இன்னொன்று. நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு வளைகுடாவில் மிட்சுபிஷி என்றால் பஜேரோ கிடையாது. விடியற்காலை நாலரைக்கு கேம்ப் வாசலில் வந்து நிற்கும் ரோசா பஸ்தான். அந்த லாரி, பஸ் பிரிவு ஃபூஸோ என்று பிரிந்து டைம்லரிடம் போய்விட்டது. 2013லிருந்து நம் ஒரகடத்தில் ஃபூஸோ லாரி செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள்.

சந்தேகப்பேர்வழி

எல்லாரும் புகழ்கிறீர்கள், சரி. இப்படிக் கேட்டால் இப்படித்தான் பதில் வரும். பிடிக்காதவன் பத்து வருடம் முன்னாலேயே விற்றுவிட்டு வேறு வண்டிக்குப் போய்விட்டான். அவன் இங்கே வந்து எழுதப்போவதில்லை. லான்சரை இருபது வருடம் வைத்திருக்கிறவரிடம் திருப்தியா என்று கேட்டால் என்ன சொல்வார்? திருப்தியாக இருந்தவர் மட்டும்தானே மிச்சம்.

இரண்டாவது விஷயம்: ராலியில் ஜெயித்தது வேறு வண்டி. எவல்யூஷனில் டர்போ, நான்கு சக்கர இழுவை. திருவள்ளூர் லான்சரின் 1.5 பெட்ரோல் எஞ்சினுக்கும் அதற்கும் பெயர்தான் ஒற்றுமை. 2.0 டீசல் லான்சர் இன்னும் நிதானம், ஏ.சி. போட்டால் மேம்பாலம் ஏறும்போது தெரியும். மாகினென் பெயரைச் சொல்லி சீடியாவை விற்கிற புரோக்கர்கள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.

சிங்காநல்லூர் ஒர்க்‌ஷாப்

மேலே சொன்னவர் நியாயம்தாங்க. ஆனா சீடியாவை அந்தக் கணக்குல சேர்க்காதீங்க. 2006ல வந்த 2 லிட்டர் பெட்ரோல், 115 குதிரைத்திறன். அந்த விலையில வேற யாரும் அப்படி ஒரு வண்டி குடுக்கலைங்க. நம்ம நாட்டு ராலிகள்ல கொஞ்ச வருஷத்துக்கு முன்வரிசையில நின்னது அதுதான். செட்டிபாளையம் ரேஸ் ட்ராக் பக்கம் சுத்துற பசங்ககிட்ட கேட்டுப் பாருங்க, சீடியான்னா இன்னும் முகம் மலரும். மைலேஜ் மட்டும் கேட்காதீங்க.

பாலாஜி சார், வாங்குறதுன்னா இதைப் பாருங்க. டைமிங் பெல்ட் எப்ப மாத்தினாங்கன்னு பில் கேளுங்க. பில் இல்லைன்னா மாத்தலைன்னு வைச்சுக்குங்க. வாங்கின மறுநாளே பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூணையும் சேர்த்து மாத்திடுங்க, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பிரிச்சா கூலிதான் வீண். வண்டியை லிஃப்ட்ல ஏத்தி அடித்தகரம் பாருங்க. உங்க ஊரு கடற்காத்துக்கு வீல் ஆர்ச், டிக்கி ஓரமெல்லாம் உள்ளுக்குள்ளேயே அரிச்சிருக்கும், மேலே பெயின்ட் பளபளன்னு இருக்கும். பின் சஸ்பென்ஷன் புஷ்ஷைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்க.

சாமான் கிடைக்குங்க. ஃபில்டர், பிரேக் பேடு எல்லாம் கடையிலேயே இருக்கு. பம்பர், ஹெட்லைட் மாதிரி மேல்சாமான்தான் தேடணும். வெளிநாட்டுலருந்து வரவழைக்கலாம், ஆனா நாட்டுக்கு நாடு மாறும். படத்தைப் பார்த்து வாங்காதீங்க, பார்ட் நம்பரை ஒத்துப்பார்த்து வாங்குங்க. போன மாசம் ஒருத்தர் ஜோடி ஹெட்லைட் வரவழைச்சார், ரெண்டும் ரோட்டுல வலது பக்கமா ஓட்டுற ஊருக்கானது. வெளிச்சம் எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்குது.

மாம்பலம் பாலாஜி

பெல்ட் பில் இருக்கிறதாம், நாளை காட்டுகிறேன் என்றார். துருவை நாளைக்கே லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்துவிடுகிறேன். ஆர்.சி. பற்றி ஏதாவது பார்க்க வேண்டுமா சார்?

சிங்காநல்லூர் ஒர்க்‌ஷாப்

2008 வண்டின்னா 2023லயே பதினஞ்சு வருஷம் முடிஞ்சிருச்சுங்க. மறுபதிவு பண்ணிட்டாங்களான்னு முதல்ல பாருங்க. பண்ணியிருந்தா அஞ்சு வருஷத்துக்குத்தான் செல்லும், எந்தத் தேதி வரைக்கும்னு ஆர்.சி.யில இருக்கும். பண்ணலைன்னா விக்கிறவர் பேர்லயே பண்ணிக் குடுக்கச் சொல்லுங்க. கட்டணத்தை 2022 ஏப்ரல்ல 5,000 ரூபாய் ஆக்கினாங்க, பசுமை வரி தனி. அது முடியற வரைக்கும் அட்வான்ஸ் குடுக்காதீங்க. கேஸ் கிட் போட்டுக் கழட்டின வண்டியா இருந்தா ஆர்.சி.யில எரிபொருள் மாத்தி எழுதியிருப்பாங்க, அதையும் ஒரு கண் பாருங்க. அடித்தகரம் போட்டோ எடுத்து இங்கே போடுங்க, பார்த்துச் சொல்றேன்.