எடை அட்டவணையும் கடலில் உழைக்கும் உடம்பும்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

தெற்குவாடி அண்ணன், பாம்பன்:
கப்பல் வேலைக்காக என் தம்பியை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். உயரம் 168 செ.மீ., எடை 82 கிலோ. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கில் 29 வந்தது. சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் அது சிவப்புக் கட்டம். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை அவன் புஜத்தைச் சுற்றி ஒட்டவே இல்லை. ஒட்ட ஒட்டப் பிரிந்து வந்தது. செவிலியர் உள்ளே போய்ப் பெரிய பட்டை ஒன்றை எடுத்து வந்து கட்டினார். 118க்கு 76. சர்க்கரையும் சரியாகவே இருந்தது. நங்கூரக் கயிறு இழுத்து, ஐஸ் பெட்டி சுமந்து இறுகிய புஜம் அது. அதைக் கண்ணெதிரே பார்த்த பிறகும் "உடல் பருமன், எடை குறைத்துவிட்டு வரவும்" என்று எழுதித் தாளை நீட்டினார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்படி வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

பாசிக்காரி மகள், சின்னப்பாலம்:
எங்கள் அம்மாவுக்கு நடந்தது. தீவுப் பக்கம் போய் மரிக்கொழுந்து என்னும் கடற்பாசி எடுப்பவர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, காலில் தகடு கட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி எழும் வேலை. தோளும் தொடையும் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு முகாமில் 160 செ.மீ.க்கு 65 கிலோ அதிகம் என்று சொல்லி, இரவுச் சோற்றை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா சொன்னபடியே நிறுத்தினார். அந்த வாரமே தண்ணீருக்குள் கண் இருட்டி, பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். பக்கத்தில் இருந்த சித்திதான் கையைப் பிடித்து வள்ளத்துக்கு இழுத்து வந்தார். பாறையில் உரசிக் கிழிந்த அந்த உள்ளங்கையைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

கீழக்கரை வாசி:
தெற்குவாடி காக்கா, உங்கள் தம்பிக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லோரும் "எனக்கும் தசைதான்" என்று கிளம்பிவிடக் கூடாது. என் வாப்பா 165 செ.மீ., 60 கிலோ. பி.எம்.ஐ. 22, பச்சைக் கட்டம். வெளிநாட்டில் கடையில் உட்கார்ந்த வேலை. கை கால் குச்சி, வயிறு மட்டும் முன்னால். "எடை சரியாக இருக்கிறது" என்ற ஒரு சொல்லை நம்பி ரத்தப் பரிசோதனையே செய்யாமல் இருந்தார். காலில் ஆறாத புண் வந்த பிறகுதான் சர்க்கரை தெரிந்தது. நம் நாட்டவருக்கு ஒல்லியான உடம்பிலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும். அதனால்தான் உலக அளவில் 25 என்று இருக்கும் அதிக எடை வரம்பை இந்தியர்களுக்கு 23 என்று இறக்கி வைத்திருக்கிறார்கள். அட்டவணை தசைக்காரரைத் தவறாகப் பிடிக்கிறது என்பது ஒரு பக்கம். என் வாப்பாவைப் போன்றவர்களைக் கோட்டை விடுகிறதே, அதை யார் கேட்பது?

மண்டபம் படகு ஓட்டுநர்:
கீழக்கரைத் தம்பி சொல்வதில் பாதி சரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் கரையில்தான். எனக்கு எடை ஒரு கிலோகூட மாறவில்லை. ஆனால் இடுப்பு வாரில் வழக்கமான துளை எட்டவில்லை, அடுத்த துளைக்குப் போக வேண்டியிருந்தது. தராசு கண்டுபிடிக்காததை வார் கண்டுபிடித்தது.

ஓய்வுபெற்ற செவிலியர், ராமநாதபுரம்:
தொண்டிப் பக்கம் பணியில் இருந்தபோது, கபடி ஆடும் பிள்ளை ஒருவன் இதே சிவப்புக் கட்டத்தைப் பார்த்துவிட்டு என் மேசை முன்னால் கண் கலங்கி நின்றான். அதனால் சொல்கிறேன், கேளுங்கள்.

இந்தக் கணக்கை முதலில் போட்டவர் 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே. அவர் மருத்துவர் அல்லர், புள்ளியியல் அறிஞர். மக்கள் கூட்டத்தின் சராசரியைத் தேடினார், தனி ஒருவரின் நோயை அல்ல. பி.எம்.ஐ. என்ற பெயரை 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் குழுவினர் வைத்தார்கள். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும்போது தசை எது, கொழுப்பு எது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. 2025 ஜனவரியில் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழுவும், பொதுவாக இந்த எண்ணை மட்டும் வைத்து உடல் பருமன் என்று முடிவு கட்டக் கூடாது, இடுப்புச் சுற்றளவு போன்ற வேறோர் அளவையும் பார்க்க வேண்டும் என்றே சொன்னது.

தையல்காரர் நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்றுங்கள். பாவாடை நாடா கட்டும் இடத்தில் அல்ல. வயிற்றை எக்காமல், மூச்சை விட்ட பிறகு அளவு எடுங்கள். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினாலே எச்சரிக்கை. உயரத்தில் பாதிக்குள் இடுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டை சிறியதாக இருந்தால் அழுத்தம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டை கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. பாசி எடுக்கும் பெண்கள் சோற்றை நிறுத்தக் கூடாது. உழைப்புக்குத் தக்க சாப்பாடு வேண்டும், கூடவே ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பாசிக்காரி மகளே, அம்மாவுக்கு ஹீமோகுளோபின் பார்த்தீர்களா? கண் இருட்டியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். படகை விட்டு இறங்கியவர்களுக்கு இன்னொன்று: வேலை நின்றால் தசை கரையும், சாப்பாட்டு அளவு மட்டும் பழையபடியே இருக்கும். முப்பது வயதில் தசையாக இருந்த 82 கிலோ ஐம்பதில் வேறாக இருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை வெறும் வயிற்றில் சர்க்கரையும் கொழுப்பும் பாருங்கள், கட்டம் எந்த நிறமாக இருந்தாலும்.

பாசிக்காரி மகள், சின்னப்பாலம்:
பார்க்கவில்லை அம்மா. யாரும் சொல்லவும் இல்லை. இந்த வாரமே அழைத்துப் போகிறேன்.

தெற்குவாடி அண்ணன், பாம்பன்:
நீங்கள் சொன்ன இடத்தில் நாடா வைத்துப் பார்த்தோம். தம்பிக்கு 81 செ.மீ. உயரத்தில் பாதி 84. இதை ஒரு மருத்துவர் கையெழுத்தோடு, சர்க்கரை, அழுத்த முடிவுகளையும் சேர்த்துக் கொடுத்தால் மறுபரிசீலனை செய்வார்களா? இதே போல் எழுதிக் கொடுத்து வேலைக்குச் சேர்ந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அடுத்த ஆள் எடுப்பதற்குள் கொடுத்தாக வேண்டும்.