தொல் ஜெர்மானிக் *கெஉஸ- (தேர்ந்தெடு): இறந்தகாலப் பன்மையில் ஸ் வருமா, ஃஸ் வருமா?

கேள்வி:
ஆங்கிலம், ஜெர்மன், காத்திக் ஆகியவற்றின் தாய்மொழியான தொல் ஜெர்மானிக்கில் இந்த வினைக்கு அட்டவணை போடுகிறேன் (* குறி, நேரடிச் சான்று இல்லாமல் மீட்டுருவாக்கிய வடிவம்). ஒருமை *கௌஸ் சரியாக வருகிறது, பன்மைதான் இடிக்கிறது. காத்திக்கில் (வழக்கொழிந்த ஜெர்மானிய மொழி) ஒருமை கௌஸ், பன்மை குஸும், எச்சம் குஸன்ஸ் என எங்கும் ஸ். பழைய ஆங்கிலத்தில் ஒருமை சேஅஸ், பன்மை குரொன், எச்சம் கொரென். காத்திக் சான்று மூத்தது, அதனால் *குஸுன் என்று வைக்கலாமா? அப்படி வைத்தால் ‘ர்’ எங்கிருந்து வந்தது? (ஃஸ் என்பதை ஸ்-இன் அதிர்வுள்ள இணையாகப் படிக்கவும்.)

பதில் 1:
வேண்டாம். பன்மையை *குஃஸுன், எச்சத்தை *குஃஸனஃஸ் என்றே எழுதுங்கள். 1877இல் கார்ல் வெர்னர் வெளியிட்ட விதி இங்கே அப்படியே பொருந்துகிறது. முந்தைய அசையில் பழைய அழுத்தம் இல்லையென்றால் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ஸ், ஃஸ் ஆகும். இறந்தகால ஒருமையில் அழுத்தம் வேரில் இருந்தது, பன்மையிலும் எச்சத்திலும் விகுதியில். சமஸ்கிருதத்தில் ‘ஜுஜோஷ’ ஒருமை வடிவத்தின் அழுத்தம் ‘ஜோ’ மீது இருப்பதைப் பாருங்கள், அதே வேர்தான். அழுத்தம் முதலசைக்கு நகர்ந்தது இதற்குப் பிறகு. ஜெர்மானிக்கின் மேற்கு (ஆங்கிலம், ஜெர்மன்), வடக்குக் கிளைகளில் ஃஸ் பின்னர் ர் ஆனது.

காத்திக் மூத்ததுதான், ஆனால் வல்வினைகளில் (வேரின் உயிரை மாற்றி இறந்தகாலம் காட்டும் வினைகள்) ஒருமையின் மெய்யைப் பன்மைக்கும் இழுத்துச் சமன்செய்துவிட்டது. ‘தேவைப்படு’ போன்ற சில வினைகளில் தர்ஃப் (ஒருமை), தொர்பும் (பன்மை) என, இதே விதியால் வந்த பழைய மெய்மாற்றம் அங்கேயும் தப்பியிருக்கிறது.

பதில் 2:
மேலே சொன்னது சரி. நிகழ்காலத்திலும் ஒரு பொறி உண்டு. தன்மை ஒருமை *கெஉஸோ, படர்க்கை ஒருமை *கியுஸிதி. அடுத்த அசையில் இ வந்தால்தான் எ, இ ஆகும். பழைய உயர் ஜெர்மனின் ‘கியுஸு’வை வைத்துத் தன்மைக்கும் இ போட்டுவிடாதீர்கள், அது பின்னால் வரும் உ-வால் ஏற்பட்ட பிற்கால மாற்றம். காத்திக்கும் இதற்கு உதவாது, அங்கே எ பொதுவாகவே இ ஆகிவிட்டது. முன்னிலை இறந்தகாலம் *கௌஸ்ட். பழைய ஆங்கில ‘குரெ’ மேற்குக் கிளையின் புது வடிவம், அதிலிருந்து பின்னோக்கிக் கட்டக் கூடாது. கொரென்-இல் உள்ள ஒ-வும் விகுதியின் அ-வால் வந்ததே, வேரில் உ-தான்.

வேரின் முதற்பொருள் ‘சுவை பார்’. கிரேக்க ‘கெயுஓமை’, லத்தீன் ‘குஸ்டுஸ்’ இரண்டும் உடன்பிறப்புகள்.

கேள்வி:
நன்றி. இதே வினையின் இன்றைய ஆங்கில வடிவங்களான ‘சோஸ்’ (இறந்தகாலம்), ‘சோசன்’ (எச்சம்) இரண்டிலும் ர் இல்லையே? ஜெர்மன் ‘வெர்லீரன்’ (இழ) ர், ‘வெர்லுஸ்ட்’ (இழப்பு) ஸ் ஏன்?

பதில் 1:
ஆங்கிலம் ஒருமைப் பக்கம் சமன்செய்தது. ஜெர்மன் வெர்லீரன்-இல் பன்மையின் ர் எங்கும் பரவியது. வெர்லுஸ்ட்-இல் ஸ்-ஐ ஒட்டி ட் நிற்கிறது. ‘ஸ்ட்’ கூட்டில் வெர்னர் விதி செல்லாது, அதனால் அங்கே பழைய ஸ் அப்படியே இருக்கிறது.