சார்பற்ற நிகழ்ச்சிகள்: மணிப்பை செய்முறைக்கு யோசனை தேவை

கணித ஆசிரியர்களுக்கு வணக்கம். பதினோராம் வகுப்பில் சார்பற்ற நிகழ்ச்சிகளை (ஒன்று நடப்பது மற்றதன் வாய்ப்பை மாற்றாதவை) கையால் செய்துபார்த்துப் புரியவைக்கும் பாடத்தில் இரண்டு இடங்களில் உதவி வேண்டும்.

இப்போதைய முறை இது. இருவருக்கு ஒரு துணிப்பை, உள்ளே ஒரே அளவில் 2 சிவப்பு, 2 நீல மணிகள். முதல் மணியைத் திரும்பப் போட்டு இரண்டாவதை எடுப்பது 30 முறை. போடாமல் எடுப்பது 30 முறை. முதல் மணி சிவப்பாக வந்தவை, நீலமாக வந்தவை என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் இரண்டாவது சிவப்பு எத்தனை பங்கு என்று பார்க்க வேண்டும். திரும்பப் போட்டால் இரண்டிலும் 1/2 எதிர்பார்க்கலாம். போடாவிட்டால் 1/3, 2/3. (3 சிவப்பு, 2 நீலம் வைத்தால் இது 1/2, 3/4 ஆகி இடைவெளி சுருங்கும், நான்கு மணிதான் நல்லது.) ஒரு ஜோடியின் 30 முறையில் எண்கள் தாறுமாறாக வரும், வகுப்பு முழுவதையும் கூட்டியே பேச வேண்டும்.

முதல் சிக்கல், திரும்பப் போட்ட மணி மேலாகவே கிடப்பது. குலுக்காமல் கைவிட்டால் அதுவே மறுபடி வருகிறது. காட்ட வந்த சார்பின்மையே கெட்டுவிடுகிறது. 'அஞ்சு தடவை குலுக்கு' என்றாலும் பத்தாவது முறைக்குமேல் அவசரம்தான். பைக்குப் பதில் மூடி போட்ட டப்பா சரிவருமா?

இரண்டாவது, சார்பற்றவற்றையும் ஒன்றையொன்று விலக்குபவற்றையும் (சேர்ந்து நடக்கவே முடியாதவை) மாணவர்கள் குழப்பிக்கொள்வது. ஒரே பகடையில் 'இரட்டை எண்', '2 அல்லது அதற்குக் கீழ்' சார்பற்றவை: தனித்தனி வாய்ப்புகளின் பெருக்கல் 1/2 × 1/3 = 1/6, இரண்டும் சேர்ந்து வருவதும் (2 விழுவது) 1/6. '3 அல்லது அதற்குக் கீழ்' என்றால் பெருக்கல் 1/4, ஆனால் இரண்டும் சேர்ந்து வருவது 1/6 மட்டுமே; அதனால் சார்பற்றவை அல்ல, சேர்ந்து வர முடிவதால் விலக்குபவையும் அல்ல. இதைக் கணக்காகப் போடாமல் கையால் காட்ட என்ன செய்கிறீர்கள்? பொருள், எண்ணிக்கையோடு எழுதுங்கள்.