மறு: ‘மேக்ரோ’வுக்கும் துளித் தெறிப்புக்கும் கலைச்சொற்கள்

> மேக்ரோ ஒளிப்படத்தை ‘அண்மை ஒளிப்படம்’ எனலாமா? வீட்டில் துளிகளைப் படமெடுக்கப் பழகுவோருக்காகக் கட்டுரை எழுதுகிறேன். துளி விழுந்ததும் எழும் கிரீடத்துக்கும் தூணுக்கும் சொற்கள் வேண்டும்.

அன்புள்ள ஐயா,

‘அண்மை’ எனக்கு உடன்பாடில்லை. மேக்ரோ என்பது தொலைவைப் பொறுத்ததன்று, அளவைப் பொறுத்தது. 5 மில்லிமீட்டர் அகலமுள்ள துளி கேமராவின் உணரியின் (சென்சார்) மீதும் 5 மில்லிமீட்டராக விழுந்தால் அது முழு மேக்ரோ. 180 மில்லிமீட்டர் மேக்ரோ வில்லை (லென்ஸ்) இருந்தால் தள்ளி நின்றே அந்த அளவைப் பெறலாம். நீர் தெறிக்கும் இடத்தில் வில்லைக்கும் அதுவே நல்லது. ‘நுண்ணொளிப்படம்’ நுண்ணோக்கி வழியே எடுப்பதற்கு உரியது, அதை இங்கே இழுக்க வேண்டாம். என் பரிந்துரை ‘மெய்யளவு ஒளிப்படம்’.

உங்கள் வரைவில் உள்ள ‘அதிவேக ஒளிப்படம்’ இன்னும் உறுத்துகிறது. இங்கே கேமரா வேகமாக எதையும் செய்வதில்லை. அறையை இருட்டாக்கி, ஷட்டரை 1/200 வினாடியிலோ அதைவிட மெதுவாகவோ வைக்கிறோம். துளியை அசையாமல் காட்டுவது ஃபிளாஷ். அதன் ஆற்றலை 1/32, 1/64 என்று குறைக்கக் குறைக்க, ஒளி நீடிக்கும் நேரமும் வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்குச் சுருங்கும். படம் இருண்டிருக்கிறதே என்று ஆற்றலைக் கூட்டுபவருக்குத் துளி இழுபட்டே கிடைக்கும். ஃபிளாஷைத் துளிக்கு அருகே நகர்த்த வேண்டும். ‘குற்றொளிப் படம்’ என்று பெயர் வைத்தால் பாதிப் பாடத்தைப் பெயரே நடத்திவிடும். ஃபிளாஷுக்கு முன்பு ஒருவர் சொன்ன ‘மின்வெட்டொளி’யைப் படிப்பவர் மெழுகுவத்தி தேடப் போய்விடுவார்.

தெறிப்புக்கு வருவோம். தட்டில் மெல்லிய படலமாகப் பாலிருந்தால் துளி விழுந்ததும் சுற்றுச்சுவர் எழும்பி, விளிம்பு முனைகளாகப் பிரியும். அமெரிக்கப் பொறியாளர் ஹரால்டு எட்ஜெர்ட்டன் 1957இல் எடுத்த புகழ்பெற்ற பால்துளிப் படத்தில் இருப்பது இதுதான். ‘துளிமுடி’ என்றால் இன்று தலைமயிர்தான் நினைவுக்கு வரும். ‘துளிமகுடம்’ போதும்.

ஆழமான கிண்ணத்தில் கதை வேறு. துளி குடைந்த பள்ளம் மூடிக்கொள்ளும்போது நடுவிலிருந்து நீர் செங்குத்தாகக் கிளம்பும். ஆங்கிலத்தில் இயற்பியலாளர் ஆர்தர் வொர்த்திங்டன் பெயரால் வழங்கும் தாரை இது. தூண் நிற்கும், இது எழுந்து விழும். ‘எழுதாரை’ அழகாக இருந்தாலும் ‘எழுதாதவரை’ என்று பொருள்கொள்ள இடமுண்டு. ஆகவே ‘மீள்தாரை’.

அதன் நுனியிலிருந்து கழன்று பறக்கும் சிறுதுளிக்குத் ‘துமி’ இருக்கிறது. இலங்கைக்கு அணை கட்டும்போது வானர வீரன் குமுதன் கடலில் எறிந்த மலையால் வானுலகம் வரை தெறித்த நீரைக் கம்பர் அப்படித்தான் சொன்னார். ஒட்டக்கூத்தர் அதை வழக்கில் இல்லாத சொல் என்று மறுக்க, மோர் கடைந்த பெண்ணின் வாயிலிருந்து அதே சொல் வந்த கதையை இக்குழுவில் மீண்டும் சொல்லத் தேவையில்லை.

---

ஐயா, வணக்கம்.

துமி, மீள்தாரை, குற்றொளி மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். ‘மெய்யளவு’ மட்டும் இடிக்கிறது. அரையளவு மட்டுமே தரும் வில்லைகளுக்கும் மேக்ரோ என்றே பெயர். துளிமகுடம் விரியும்போது உணரிக்குள் மெய்யளவில் அடங்காமலும் போகும். எனவே பொதுச்சொல்லாக ‘மேக்ரோ’ இருக்கட்டும். 1:1 என்ற அளவைச் சொல்லும்போது மட்டும் ‘மெய்யளவு’ என்பேன்.

இன்னொன்று விட்டுப்போயிற்று. மீள்தாரையின் உச்சியில் இரண்டாம் துளி மோதினால் நீர் குடைபோல் விரிகிறது. ‘மோதுகுடை’ எப்படி? ‘சாந்தன் கோந்து’ (xanthan gum) என்ற பசைப்பொருளைக் கலந்து நீரைச் சற்றே கெட்டியாக்கினால் அந்தக் குடை எளிதில் கிழியாது என்பதையும் எழுதப்போகிறேன். அங்கே அந்தக் கெட்டித்தன்மைக்குப் (viscosity) ‘பாகுநிலை’ என்றே போடுகிறேன். பாடநூலில் உள்ள சொல்லுக்கு மாற்றுத் தேட வேண்டாம்.