வாலட்டில் பணம் இருந்தும் டோலில் ‘பிளாக்லிஸ்ட்’: ரெண்டு தடவை போன பணத்தை எப்படி வாங்குறது?

காட்பாடிக்காரன்:
பெங்களூர் போற வழியில ஒரு டோல்ல ஃபாஸ்டேக் ‘பிளாக்லிஸ்ட்’னு காட்டிடுச்சு. வாலட்ல பணம் இருக்கு, வண்டி சரிபார்ப்பான கே.ஒய்.வி.யும் முடிச்சாச்சு. ரொக்கமா ரெட்டைக் கட்டணம் கட்டி ரசீது வாங்கியாச்சு. மறுநாள் டேக்ல இருந்தும் அதே டோலுக்குப் பணம் போயிருக்கு. செகண்ட் ஹேண்ட் கார், ஆர்.சி. மாத்தியாச்சு. பழைய ஓனரோட டேக்கும் கண்ணாடியிலேயே இருக்கு, அதுக்குப் பக்கத்துலதான் புதுசு. என்ன பண்ணலாம்?

பாலாற்றங்கரை:
கோளாறே அந்தப் பழைய டேக்தான் சார். ஒரு வண்டிக்கு ஒரு டேக்னுதான் விதி. புதுசு கொடுத்ததும் பழசு கணக்குல முடங்கிடும், ஆனா ஸ்டிக்கர் முடங்காது. அதுல பேட்டரியே கிடையாது. ரீடர் அலை பட்டா போதும், தன் நம்பரைச் சொல்லிடும். லேன்ல பழசு முதல்ல மாட்டினா திரையில பிளாக்லிஸ்ட் வரும். அதே நேரம் புதுசும் படிக்கப்பட்டு, அந்தக் கணக்கு அப்புறமா பேங்குக்குப் போயிருக்கும்.

ஹேர் டிரையரால சூடு காட்டி, ஓரத்துல பிளேடு விட்டு உரிச்சிடுங்க. உரிச்சதை டேஷ்போர்டு பெட்டியில போட்டு வைக்காதீங்க, அங்கே இருந்தும் ரீடர் பிடிக்கலாம். உள்ளே பளபளன்னு ஒரு உலோக இழை ஓடும். அது அறுபடுற மாதிரி கத்தரியால நாலா வெட்டிப் போடுங்க. பிறகு ஃபாஸ்டேக் பணப் பரிமாற்றத்தை நடத்துற என்.பி.சி.ஐ. தளத்துல வண்டி நம்பர் போட்டு டேக் நிலையைப் பாருங்க. உங்க டேக் மட்டும்தான் ஆக்டிவா இருக்கணும்.

ஆம்பூர் பைபாஸ்:
ஒரு மணி நேரம் முன்னாடியே ரீசார்ஜ் பண்ணலைன்னா இப்படித்தான்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

டோல்கணக்கு:
அந்த ஃபார்வர்டு பாதிதான் சரி. 2025 பிப்ரவரி 17-ல வந்த என்.பி.சி.ஐ. விதி அது: ரீடர் படிக்குறதுக்கு 60 நிமிஷத்துக்கு முன்னாடியே டேக் முடங்கி, படிச்ச பிறகு 10 நிமிஷமும் அப்படியே இருந்தா, 176-ங்குற குறியீட்டோட நிராகரிக்கப்படும். தேசிய நெடுஞ்சாலை டோல்கள் டேக் நிலையை அப்பப்பவே எடுக்குற முறைக்கு மாறிட்டதால, தாண்டுறதுக்கு முன்னாடி எப்போ ரீசார்ஜ் பண்ணாலும் சரின்னு தேசிய நெடுஞ்சாலை ஆணையமே விளக்கம் கொடுத்துடுச்சு. மாநில நெடுஞ்சாலை டோல் சிலதுல பழைய முறை இருக்கு, அங்கே கொஞ்சம் முன்கூட்டியே போட்டுடறது நல்லது.

பணத்துக்கு வருவோம். டேக்ல போனது சுலபமா வரும். ஸ்டேட்மென்ட்ல ரெண்டு நேரம் இருக்கும்: டேக் படிச்ச நேரம், பேங்க் கழிச்ச நேரம். எஸ்எம்எஸ் தேதியை நம்பாதீங்க. படிச்ச நேரம் ரொக்க ரசீது நேரத்தோட ஒட்டி வந்தா ஒரே பயணம்தான்னு ஆயிடும். டேக் கொடுத்த பேங்கோட ஆப்ல அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, வேறு வழியில கட்டியாச்சுன்னு புகார் போடுங்க. ரசீது போட்டோவுல டோல் பேரு, லேன், நேரம், வண்டி நம்பர் நாலும் தெரியணும். டோல்ல போய்ச் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. டோலோட பேங்க்கிட்ட கேட்க வேண்டியது உங்க பேங்க்தான். இழுத்தடிச்சா நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குக் கூப்பிடுங்க.

ரொக்கமா கட்டின கூடுதல் பணம் வருமான்னா, சந்தேகம்தான். டேக் சரியா இருந்து டோல் கருவி பழுதா இருந்தா காசில்லாம விடணும், பூஜ்ய ரசீது தரணும்னு 2018-லேயே விதி இருக்கு. ஆனா கண்ணாடியில ரெண்டு டேக் இருந்ததால கருவி மேல பழி போட முடியாது.

காட்பாடிக்காரன்:
நன்றிங்க. இனிமே இப்படி மாட்டினா ரொக்கமா, யூபிஐயா? டேக் பணம் திரும்ப வந்தா, பாக்கின்னு எழுதிடுவாங்களா?

டோல்கணக்கு:
யூபிஐதான். 2025 நவம்பர் 15-ல வந்த விதிப்படி, 100 ரூபாய் டோலுக்கு ரொக்கம்னா 200, யூபிஐன்னா 125. கவுன்டர்ல அவங்களா சொல்ல மாட்டாங்க, கேட்டுக் கட்டுங்க.

பாக்கி விஷயம் கவனிக்க வேண்டியதுதான். கடந்துபோனது கருவியில பதிவாகி, கட்டணம் வரலைன்னா அது பாக்கி. பாக்கி இருந்தா வண்டி விக்கும்போது என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லைங்குற சான்று) கிடைக்காது, எஃப்.சி.யும் (தகுதிச் சான்று) நிக்கும்னு 2026 ஜனவரியில விதி திருத்தியாச்சு. நீங்க கட்டினதுக்கு ஆதாரம் ரொக்க ரசீதுதான். அது தெர்மல் தாள், வெயில்ல கார்ல கிடந்தா எழுத்து அழிஞ்சிடும். இன்னிக்கே ஸ்கேன் பண்ணி, ஆர்.சி. நகலோட சேர்த்து வைங்க.