பிரிமுலா விதைகளுக்குக் குளிர்காலம் அவசியமா?

கேள்வி (லீட்ஸ், இங்கிலாந்து)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் பின்புறத் தோட்டம் வடக்கு நோக்கியது. வேலியோர மரங்களின் நிழல் கோடையிலும் விலகுவதில்லை; களிமண் என்பதால் ஈரமும் எளிதில் வற்றுவதில்லை. ஹாரோகேட்டின் ஹார்லோ கார் தோட்டத்து ஓடைக்கரையில், ஒரே தண்டில் அடுக்கடுக்காகப் பூத்து நின்ற பிரிமுலாக்களைக் கண்ட பிறகு, இந்த மூலைக்கு அவைதாம் ஏற்றவை என்று தோன்றுகிறது.

கையில் இரண்டு வகை விதைகள் உள்ளன. ஒன்று, கடையில் வாங்கிய சாதாரணப் பிரிம்ரோஸ், அதாவது பிரிமுலா வல்காரிஸ். மற்றொன்று, பக்கத்து வீட்டு அம்மையார் இந்த வாரம் காயோடு பறித்துக் கொடுத்த பிரிமுலா ஜப்போனிக்கா. 'மில்லர்ஸ் கிரிம்சன்' என்னும் கருஞ்சிவப்பு ரகம். இவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பிறகுதான் விதைக்க வேண்டும் என்று சிலரும், உடனே விதைக்கலாம் என்று சிலரும் சொல்கிறார்கள். எதைப் பின்பற்றுவது? தாய்ச்செடியின் நிறமே விதைக் கன்றுகளிலும் வருமா?

மறுமொழி (கிளாஸ்கோ)

வணக்கம் சகோதரி. இரண்டு ஆலோசனைகளும் சரியானவையே. ஆனால் அவை வெவ்வேறு விதைகளுக்கு உரியவை. பிரிமுலா விதை காயில் முற்றி உலர உலர உறக்க நிலைக்குப் போய்விடும். காய் பழுப்பேறி வெடிக்கத் தொடங்கும் தறுவாயில் எடுத்த புதிய விதைக்கு அந்த உறக்கம் இன்னும் ஆழமாகியிருக்காது. ஆகவே ஜப்போனிக்காவை இன்றே விதைத்துவிடுங்கள். பாக்கெட்டில் உள்ள உலர்ந்த விதைக்குத்தான் குளிர் வேண்டும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பாக்கெட்டை அப்படியே குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் விதை கெடாமல் இருக்கும், அவ்வளவுதான், உறக்கம் கலையாது. நீரை உறிஞ்சிய விதைதான் குளிரை உணரும். எனவே ஈரமான வெர்மிகுலைட்டில் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் இலேசான கனிமத் துகள்) விதையைக் கலந்து, மூடிய பையில் இட்டு, சுமார் 4 பாகை செல்சியஸில் நான்கு முதல் ஆறு வாரங்கள் வைத்திருந்து, பிறகு தட்டில் பரப்புங்கள். கேழ்வரகைவிடச் சிறிய இந்த விதைகள் முளைப்பதற்கு வெளிச்சமும் உதவும் என்பதால், மண்ணுக்குள் புதைக்காமல் மேற்பரப்பில் தூவி, மெல்ல அழுத்திவிட்டால் போதும். மேலிருந்து நீர் ஊற்றினால் விதைகள் ஒரு மூலைக்கு அடித்துச் செல்லப்படும். தட்டை நீரில் வைத்து, கீழிருந்து உறிஞ்சவிடுங்கள்.

மறுமொழி (நியூகாசில்)

முந்தைய நண்பர் கூறியதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆயினும் யார்க்ஷயரில் இருப்பவருக்குக் குளிர்சாதனப் பெட்டி எதற்கு என்பதுதான் என் கேள்வி. வல்காரிஸ் விதையை டிசம்பரிலோ ஜனவரியிலோ தட்டில் தூவி, மேலே மெல்லிய பருமணல் இட்டு, எலி புகாதபடி கம்பிவலை போர்த்தி, வடக்குச் சுவரோரம் வெளியே வைத்துவிடுங்கள். பனியும் மழையும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். வசந்தத்தில் முளை தெரியும்.

நான் அஞ்சுவது ஜூலை வெயிலைப் பற்றித்தான். வெப்பம் 20 பாகையைத் தாண்டினால் பிரிமுலா முளைப்பது தடைபடும். 15 முதல் 18 வரை இருப்பதே உகந்தது. மிளகாய், தக்காளி விதைத்த பழக்கத்தில் பலர் தட்டைச் சன்னலோரமோ சூடேற்றும் விரிப்பின் மேலோ வைத்துவிட்டு, விதை பழுதென்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நீங்கள் இப்போது விதைக்கும் தட்டை வீட்டிற்குள் கொண்டுவரவே வேண்டாம். முளைக்கச் சில வாரங்கள் ஆகலாம். ஒரே நாளில் எல்லாம் முளைப்பதும் இல்லை. எனவே முதலில் வந்தவற்றைப் பெயர்த்து நட்ட பிறகும் தட்டைக் கொட்டிவிடாதீர்கள்.

மறுமொழி (வான்கூவர், கனடா)

நிறம் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 'மில்லர்ஸ் கிரிம்சன்' விதையிலும் பெரும்பாலும் அதே நிறத்தில் வரும் ரகம். அருகில் வேறு கேண்டலாப்ரா வகைகள், அதாவது ஒரே தண்டில் அடுக்கடுக்காகப் பூக்கும் பிரிமுலாக்கள், இருந்தால் இந்த உறுதி குறையும். அவ்வினத்தில் பல ஒன்றோடொன்று எளிதில் கலக்கும். நீங்கள் ஹார்லோ காரில் கண்ட பல வண்ணங்களும் அத்தகைய கலப்பின் பயன்தான். என்னைக் கேட்டால், கலந்து வருவதே அழகு.

பின்னாளில் வல்காரிஸிலிருந்து நீங்களே விதை எடுக்க விரும்பினால், பூவின் தொண்டையை உற்றுப் பாருங்கள். சில செடிகளில் குண்டூசித் தலை போன்ற பச்சைச் சூல்முடி மட்டும் தெரியும்; வேறு சிலவற்றில் அது உள்ளே மறைந்திருக்க, மகரந்தப் பைகள் வாயிலில் வளையமாக நிற்கும். டார்வின் 1862இல் இதை ஆராய்ந்து எழுதினார். ஒரு வகையின் மகரந்தம் மற்ற வகையைச் சேர்ந்தால்தான் விதை நன்றாகப் பிடிக்கும் என்பதால், இரண்டு வகைச் செடிகளையும் அருகருகே வைத்திருங்கள்.

கேட்டவர் (லீட்ஸ்)

மிக்க நன்றி. ஜப்போனிக்காவை இன்று மாலையே விதைக்கிறேன். வல்காரிஸ் ஜனவரி வரை காத்திருக்கட்டும். நாற்றுகள் எப்போது பூக்கும்? குளிர்காலத்தில் அவற்றை மூடி வைக்க வேண்டுமா?

மறுமொழி (கிளாஸ்கோ)

இப்போது முளைப்பவை பெரும்பாலும் அடுத்த வசந்தத்தை விட்டு அதற்கடுத்த வசந்தத்தில் பூக்கும். இரண்டு மூன்று உண்மையிலைகள் (முதலில் விரியும் விதையிலைகளுக்குப் பின் வருபவை) விட்டதும் தனித்தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். ஜப்போனிக்கா குளிர்காலத்தில் இலைகளை முழுவதும் உதிர்த்து, மண் மட்டத்தில் ஒரு மொட்டாக ஒடுங்கிவிடும். செத்துவிட்டதென்று எண்ணித் தொட்டியைக் காலி செய்ய வேண்டாம். மூடவும் தேவையில்லை, மண் காயாமல் இருந்தால் போதும். மர வேர்கள் ஈரத்தை உறிஞ்சிவிடும் இடங்களில் வல்காரிஸையும், நீர் தேங்கும் பக்கத்தில் ஜப்போனிக்காவையும் நடுங்கள். தொட்டியில் உள்ளவரை வைன் வீவில் வண்டின் வெண்ணிறப் புழுக்கள் வேரைத் தின்றுவிடக்கூடும் என்பதால், மண்ணில் இன்னும் வெதுவெதுப்பு இருக்கும் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே அவற்றைக் கொல்லும் நுண்ணிய நூற்புழுக்களை (நெமடோடு) நீரில் கலந்து ஊற்றிவிடுங்கள்.