மறுமொழி: ‘சிஸ்டமேட்டிக் லிஸ்டிங்’ – வகைவிரிப்பு எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

எல்லா வழிகளையும் ஓர் ஒழுங்கில் விடாமல் எழுதும் ‘சிஸ்டமேட்டிக் லிஸ்டிங்’ முறைக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். ஆறு, ஏழாம் வகுப்புக் கணக்குப் புதிர்களுக்காகக் குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்த ‘முறைப்படிப் பட்டியலிடல்’ என்பதில் பொருட்பிழை இல்லை. ஆனால் மளிகைச் சாமானைக்கூட முறைப்படிப் பட்டியலிடலாம். இங்கே வேண்டியது வேறு: ஒன்றும் விடுபடவில்லை, ஒன்றும் இருமுறை வரவில்லை என்று எழுதிய பிள்ளையே அடித்துச் சொல்ல வேண்டும்.

1, 2, 5 ரூபாய் நாணயங்களைக் கொண்டு 10 ரூபாயை எத்தனை விதமாகக் கொடுக்கலாம்? தோன்றியபடி எழுதும் பிள்ளை ஏழெட்டோடு நின்று, “அவ்வளவுதானா?” என்று ஆசிரியர் முகத்தைப் பார்க்கும். 5 ரூபாய் நாணயத்தைப் பிடித்துக்கொண்டால் யாரையும் கேட்க வேண்டாம். அது இரண்டு என்றால் 1 வழி. ஒன்று என்றால், மீதி 5 ரூபாயில் 2 ரூபாய் நாணயம் 0, 1, 2 என 3 வழி. இல்லவே இல்லையென்றால் 2 ரூபாய் நாணயம் 0 முதல் 5 வரை, 6 வழி. ஆக 10. பதினோராவது ஏன் கிடையாது என்பதற்கும் அதே தாளில் விடை இருக்கிறது.

முதலில் வகுத்தோம், ஒவ்வொரு வகையையும் விரித்தோம், கடைசியில் தொகுத்தோம். தொகை, வகை, விரி என்று நம் இலக்கணம் சொல்லிவருவது இதைத்தானே! நேர், நிரை என்னும் இரண்டே அசைகளிலிருந்து ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16 என விரித்ததும் இதே வேலைதான். எனவே என் பரிந்துரை ‘வகைவிரிப்பு’. வினாத்தாளில் ‘வகைவிரித்து எழுதுக’.

குழுவில் அம்மா ஒருவர் இதற்குச் சொன்ன ‘முழுநிரல்’ செவிக்கு இனிமை. ஆனால் கணக்கின் அணிகளில் (மேட்ரிக்ஸ்) செங்குத்து வரிசையாகவும் கணினியில் ‘ப்ரோகிராம்’ ஆகவும் ‘நிரல்’ ஏற்கெனவே குடியேறிவிட்டது. ‘அடைவு’ என்றாலோ, அது பள்ளியில் தேர்ச்சியைக் குறிக்கிறது. ‘வகை’யும் வகையிடலோடு (டிஃபரன்ஷியேஷன்) மோதாதா என்று கேட்கலாம். அது மேல்நிலை வகுப்புப் பாடம். 12 வயதுப் பிள்ளைக்கு வகை என்றால் வகைதான்.

‘பட்டியல்’ போதாது என்பதற்கு இன்னொரு சான்று மாயச் சதுரம்: 1 முதல் 9 வரையிலான எண்களை 3க்கு 3 கட்டங்களில், எந்தக் கோட்டில் கூட்டினாலும் 15 வரும்படி நிரப்புவது. 1 முதல் 9 வரையிலான எண்களில் வெவ்வேறான மூன்றைக் கூட்டி 15 பெறும் தொகுதிகளை, சிறிய எண்ணை வைத்து வகைவிரித்தால் சரியாக 8 கிடைக்கும். 3க்கு 3 சதுரத்தில் நிரை (கிடைவரிசை), நிரல் (செங்குத்து வரிசை), மூலைவிட்டம் சேர்ந்து கோடுகளும் 8. அந்தத் தொகுதிகளில் நான்கில் வரும் எண் 5 மட்டுமே. நான்கு கோடுகள் கடக்கும் கட்டம் நடுக்கட்டம் மட்டுமே. 5இன் இடம் தானே முடிவாகிறது. மும்முறை வரும் 2, 4, 6, 8 மூலைகளுக்குப் போகும். ஊகத்துக்கு வேலையே இல்லை.

‘வகைவிரி’ என்றே குறுக்கலாமா என்பதில்தான் எனக்குத் தயக்கம். ஏவலும் பெயரும் ஒரே வடிவில் நின்றால் வினாவில் குழப்பம் வரும். இலக்கணம் அறிந்தோர் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.